கைமாறிய பீடி

காலை ஐந்து நாற்பது. கிளிஞ்சல்மேட்டுக் கரையில் நான் முதலில் பார்த்தது, எரிந்துகொண்டிருந்த ஒரு பீடி. அதைப் பிடித்திருந்தவர் சுகாதார நிலையத்து நர்ஸம்மா. கூடைகளோடு மீன் ஏலத்துக்குக் காத்திருந்த ஏழு மீன்காரப் பெண்களோடு, சீருடைப் புடவையில், மணலில் வட்டமாக உட்கார்ந்திருந்தார். கர்ப்பிணிகளைப் புகைப்பழக்கத்திலிருந்து விடுவிக்க என்ன செலவாகிறது என்று எழுதிவர என்னைப் பத்திரிகையிலிருந்து அனுப்பியிருந்தார்கள். அதைவிடப் பெரிய செய்தி கிடைத்துவிட்டதென்று நினைத்து, ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன்.

பீடியை அவர் வாயருகே கொண்டுபோகவில்லை. இடப்பக்கத்துப் பெண்ணிடம் வாங்கி, வலப்பக்கம் இருந்த ஆறு மாதக் கர்ப்பிணியைத் தாண்டி, அடுத்தவரிடம் நீட்டினார். “ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்க நர்ஸம்மா, குளிருக்கு இதமா இருக்கும்” என்றார் ஒருவர். “இழுத்துட்டு நானும் கூடையத் தூக்கிட்டா, உங்களுக்கெல்லாம் ஊசி யாரு போடுவா?” என்றார் இவர், சிரிக்காமல்.

திரும்பி நடக்கும்போது விவரம் சொன்னார். அந்தக் கர்ப்பிணியின் முதல் குழந்தை எடை குறைந்து பிறந்து, ஒரு மாதம் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தது. இந்த முறை பீடியை விட்டே ஆகவேண்டும் என்று அவளைத் தனியே உட்காரச் சொல்லியிருக்கிறார். மூன்று நாள் உட்கார்ந்தாள். மூன்று நாளும் கூடை காலி. யார் எந்தக் குவியலை ஏலம் கேட்பது என்று படகு வருமுன் அந்த வட்டத்தில்தான் பேசி முடிப்பார்கள். பீடி சுற்றும்போதே பேச்சும் சுற்றும். நான்காம் நாள் அவள் வட்டத்துக்குத் திரும்பினாள், பீடிக்கும்தான். “பீடிய விடுன்னேன். பொழப்ப விடுன்னு சொன்ன மாதிரி ஆயிடுச்சு தம்பி. தப்பு எம்மேலதான்” என்றார். அவள் திரும்பிய பிறகுதான், தரைக்காற்று வரும் மேற்குப் பக்கமாக, புகை படாதபடி அவளை உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் முறைக்கு வரும் பீடியைத் தான் வாங்கிக் கைமாற்றினார். பிரசவம் வரை தினமும்.

என் கட்டுரையின் செலவுப் பட்டியலில் துண்டறிக்கை, பயிற்சி வகுப்பு, வண்டி வாடகை எல்லாம் இருந்தன. அவர் புடவையிலிருந்து வந்த பீடி வாடைக்குப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர்கள் எழுந்துபோனது மட்டும் அதில் இல்லை. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று எனக்கு அன்று தெரியவில்லை. படத்தை நான் யாரிடமும் கொடுக்கவில்லை. ஆனால் அந்தக் கரையில் கைபேசி வைத்திருந்தவன் நான் மட்டுமல்ல. மேலிடத்தில் விளக்கம் கேட்டார்கள். அவர் எழுதிய பதில் இரண்டே வரி: பீடியைக் கையில் வைத்திருந்தது உண்மை, புகைக்கவில்லை. ஊதிய உயர்வு ஓராண்டு தள்ளிப்போனது. நான் வருத்தப்பட்டபோது, “ஒரு வருஷந்தானே, அதுக்குள்ள அந்தப் புள்ள நடந்துடும்” என்றார். அந்தப் பிள்ளை இரண்டு கிலோ தொள்ளாயிரம் கிராம் எடையில் பிறந்திருந்தது.

நர்ஸம்மா ஓய்வுபெற்று இப்போது மகளோடு வெளியூரில் இருக்கிறார். போன வாரம் வேறொரு செய்திக்காக அதே கரைக்குப் போனேன். ஐந்து நாற்பதுக்கு வட்டம் கூடியிருந்தது, ஐந்து பேர்தான். பீடி சுற்றி வந்தது. அன்று கர்ப்பிணியாக இருந்த அந்தப் பெண் அதை வாங்கி, அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, கானாங்கெளுத்திக் குவியலைத் தான் கேட்பதாகச் சொன்னாள்.