அப்பாவும் என் சோமா அம்மேயும்

அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அப்பாவின் ஒரே மகள் வணக்கத்துடன் எழுதுவது.

அப்பா யாழ்ப்பாணத்து அச்சுவேலியில் பிறந்து, இளமையிலேயே கொழும்புக்கு வந்து துணிக்கடை ஒன்றில் வேலை பார்த்தார். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா காய்ச்சலில் காலமானார். அப்பா கடைக்குப் போனால் என்னைப் பார்த்துக்கொள்பவர் பக்கத்து வீட்டுச் சிங்களத் தையற்காரி சோமா.

1983 ஆடிக் கலவரத்தில் தமிழர் வீடுகளைத் தேடி எங்கள் ஒழுங்கைக்குள் கும்பல் நுழைந்தபோது, அப்பா என்னை மதிலுக்கு மேலால் சோமாவிடம் கொடுத்தார். வாசலில் வந்து கேட்டவர்களிடம் சோமா என்னைத் தன் மகள் என்றார். அகதி முகாமுக்குப் போன அப்பாவைக் கப்பலில் யாழ்ப்பாணம் அனுப்பினார்கள். பாதை சீரானதும் வந்து என்னைக் கூட்டிப்போக நினைத்திருந்தார். பாதை சீராகவில்லை. தெற்கே மாத்தறையிலிருந்த தன் தாய்வீட்டில் வைத்து சோமா என்னை வளர்த்தார்.

அகதியாகக் கனடாவுக்குப் போய், ரொறன்ரோவில் வதிவிட உரிமை கிடைத்த பின்னரே அப்பாவால் என்னைத் தேடி வர முடிந்தது. அப்போது எனக்குப் பத்து வயது. தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. சிங்களத்தில் நான் 'அம்மே' என்று அழைத்தது சோமாவைத்தான். அழுதுகொண்டே என் சட்டைகளை மடித்து வைத்தவரும், என்னை வான் வண்டியில் ஏற்றிவிட்டவரும் அவரே.

இங்கே நிலக்கீழ் வீட்டில் நான் சாப்பிட மறுத்தேன். அப்பாவை 'மாமா' என்று அழைத்தேன். ஒருநாள் என் அழுகை கேட்டு, மேலே குடியிருந்த வீட்டுக்காரி ஹன்னா அன்ரி இறங்கி வந்து, அப்பாவிடம் நடந்ததைக் கேட்டறிந்தார். அவர் யூதப் பெண்மணி. ஜேர்மன் நாசிப் படைகளிடமிருந்து காப்பதற்காக, சிறுவயதில் ஒல்லாந்தில் ஒரு கமக்காரக் குடும்பம் அவரை ஒளித்து வளர்த்தது. பெற்றோர் கொல்லப்பட்டுவிட்டார்கள். போர் முடிந்ததும் சித்தப்பா வந்து அவரை மீட்டுப் போனார்.

"என்னை மீட்டது சரிதான்" என்றார் அவர் அப்பாவிடம் ஆங்கிலத்தில். "ஆனால் என்னை வளர்த்தவளின் பேரையே வீட்டில் எடுக்கக்கூடாது என்றார்கள். நான் தேடிப் போனபோது அவளுடைய கல்லறைதான் இருந்தது. உங்கள் மகளுக்கு அப்படிச் செய்துவிடாதீர்கள்."

அடுத்த ஞாயிறு அப்பா, அம்மேயின் வீட்டுக்கு எதிரே இருந்த கடைக்குத் தொலைபேசி எடுத்து, அவரைக் கூப்பிடுவித்து என்னோடு பேசவைத்தார். அன்று வீட்டுக்கு வந்திருந்த பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

"தம்பி, உந்தத் தொடர்பை விடு. அப்பத்தான் பிள்ளை உன்னோட ஒட்டும்."

"இல்லை அண்ணை. அவவிட்ட இருந்து பிள்ளையை வாங்கியிட்டன். பிள்ளையிட்ட இருந்து அவவையும் பறிக்கேலாது."

அதன்பின் ஞாயிறுதோறும் பேசினோம். ஒருநாள் அம்மே சிங்களத்தில், "அப்பாவிடம் கொடு மகள்" என்றார். நான் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தவர் பக்கம் திரும்பி, "அப்பா!" என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் ஓடி வந்தார். தொலைபேசியை வாங்க மறந்து, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுமுனையில் அம்மே, "ஹலோ, ஹலோ" என்றுகொண்டிருந்தார்.

அருகிலுள்ள பிறம்ரன் நகரில் பண்டகசாலை வேலை முடிந்து வந்து, களைத்த கண்களோடு எனக்குத் தமிழ் எழுத்துச் சொல்லித்தந்தவர் அப்பா. என் பள்ளி நிறைவு விழாவுக்கு அம்மேயை விசா எடுத்து அழைத்து, முன்வரிசையில் தனக்குப் பக்கத்தில் இருத்தினார். நான் பல்கலைக்கழகம் போவதைக் கண்டபின்னரே இருதய நோய் அவரைக் கொண்டுபோனது.

வைத்தியசாலையில் துணைநின்றவர்கள், சமைத்து அனுப்பியவர்கள், ஊன்றுகோலுடன் வந்து அஞ்சலி செலுத்திய ஹன்னா அன்ரி, அனைவருக்கும் என் நன்றி.

இம்மலரின் கடைசிப் பக்கம் சிங்களத்தில் இருப்பதைக் காண்பீர்கள். அச்சகங்கள் பல ஏறி இறங்கி, அந்த எழுத்தில் அச்சிடுபவரைத் தேடிப்பிடித்தவர் பெரியப்பா. "அவவும் வாசிக்கவேணும் பிள்ளை" என்றார்.

மகள்