ஒரு கார்டுக்கு இரண்டு சீட்டு

வணிகவியல் படிக்கிற ஒருவன் மீனின் குடலைப் பற்றி ஒரே பருவத்தில் மூன்று புத்தகங்கள் எடுத்துப் போகிறான் என்றால் அவன் யாரையோ காதலிக்கிறான் என்று அர்த்தம். இதைக் கண்டுபிடிக்க எங்கள் கல்லூரி நூலகத்துக்கு அப்போது மென்பொருள் எதுவும் தேவைப்படவில்லை. கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த உதவியாளர் அண்ணன் ஒருவரே போதும்.

"இன்னா நைனா, உங்க கடையில இனிமே மீனு விக்கப் போறீங்களா?" என்று புத்தகத்தை உயர்த்திப் பிடித்து, படிக்கிற மேசை முழுவதும் கேட்கும்படி விசாரிப்பார்.

எங்கள் கடை வண்ணாரப்பேட்டையில். பருப்பும் வெல்லமும் மொத்த வியாபாரம். அப்பா தெற்கேயிருந்து வந்து பிடித்த கடை. அவள் ராயபுரத்துப் பெண், விலங்கியல் மாணவி. அவள் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார், அண்ணன்கள் இருவரும் காசிமேட்டில் படகுக்காரர்கள். இரண்டு வீட்டிலும் நல்ல கத்திகள் இருந்தன. அவர்கள் வீட்டில் மீன் வெட்ட, எங்கள் வீட்டில் வெல்லம் வெட்ட. ஆகவே நான் அவளோடு பேசாமல் காதலித்தேன்.

பேசாமல் காதலிக்க அன்றைய நூலகம் ஒரு வசதி செய்து வைத்திருந்தது. ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டைக்குள்ளும் ஒரு காகிதப் பை ஒட்டியிருக்கும். அதற்குள் ஒரு கெட்டியான கார்டு. கார்டின் தலையில் புத்தகத்தின் எண்ணும் பெயரும்; கீழே கோடு போட்டு மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் எடுத்த தேதி, இரண்டாவதில் எடுத்தவர் கையெழுத்து. மூன்றாவது கட்டம் அண்ணனுடையது. புத்தகம் நம்மோடு வீட்டுக்குப் போகும், கார்டு கவுன்ட்டரில் தங்கும். புத்தகம் திரும்பி வந்தால் அண்ணன் அந்த மூன்றாவது கட்டத்தில் ஒரு கிறுக்கு கிறுக்கி, கார்டை மறுபடி பைக்குள் சொருகுவார்.

அவள் திருப்பிக் கொடுத்த புத்தகத்தை உடனே நான் எடுத்தால், அவள் பெயருக்கு நேர் கீழே என் பெயர். என் மூளைக்கு வாழ்க்கையில் எட்டிய பெரிய கண்டுபிடிப்பு அதுதான். ஒரே சிக்கல், அவள் கையெழுத்தின் கடைசி எழுத்திலிருந்து நீளமாக ஒரு வால் கிளம்பி, கோட்டைத் தாண்டி அடுத்த வரிக்குள் இறங்கும். என் இடத்தில் பாதி அந்த வாலுக்கே போய்விடும். மீதியில் நான் ஒடுங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவேன்.

நான்காவது புத்தகத்தில் பிடிபட்டேன். அலமாரி சந்தில் வழிமறித்தாள்.

"யோவ், கண்ணாடி. என் பின்னாடியே சைன் போட்டுக்கினு வர்றது நீதானா?"

"புத்தகம் தேவைப்பட்டுச்சு."

"இன்னா புக்கு அது, பேரு சொல்லு."

பெயர் நினைவுக்கு வரவில்லை. "மீன் சம்பந்தமா..."

"சுறாவுக்கு எத்தினி செவுளு ஒரு பக்கம்?"

"ஒண்ணுதானே இருக்கும்?"

"அஞ்சுயா. படிக்காதவன் புக்கைத் தூக்கிக்கினு பூட்டா படிக்கிறவங்க இன்னா பண்ணுவாங்க? என் கிளாஸ்ல நாலு பேரு அதுக்குக் காத்துக்கினு கீறாங்க."

அவமானத்தை மறைக்க, "உங்க கையெழுத்து வால் என் மேல விழுது. கொஞ்சம் சுருக்கிக்கிட்டா நல்லா இருக்கும்" என்றேன்.

மேலும் கீழும் பார்த்தாள். "வாலு வரத்தான் செய்யும். நீ வேணும்னா தள்ளிப் போடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் அடுத்த வாரம் அவள் எடுத்துத் திருப்பியது ஒல்லியான புத்தகம், படங்கள் நிறைந்தது. எனக்காகவே எடுத்தாள் என்று பிறகு ஒத்துக்கொண்டாள்.

எங்கள் பெயர்கள் ஒன்றாக வந்த முதல் காகிதங்கள் அந்தக் கார்டுகள்தாம். பல வருடம் கழித்து, பல சண்டைகளுக்குப் பிறகு, பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டோம். அங்கேயும் வால் என் பெயர் மேல் வந்து விழுந்தது. அவள் தண்டையார்பேட்டையில் பள்ளி ஆசிரியை ஆனாள். வெல்லத்தில் தேறாத நான் நூலக அறிவியல் படித்து, அதே கல்லூரிக்கு நூலகராக வந்து சேர்ந்தேன். அண்ணன் அதே கவுன்ட்டரில் இருந்தார். என்னை 'நைனா' என்று கூப்பிட்ட வாயால் 'சாரு' என்று கூப்பிட அவருக்கு ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதமும் என்னை அவர் எப்படியுமே கூப்பிடவில்லை, கை தட்டினார்.

பிறகு கணினி வந்தது. ஆய்வுக் குழு வரப்போகிறது, எல்லாப் புத்தகத்துக்கும் பார்கோடு ஒட்டியாக வேண்டும் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியாத உற்சாகம். ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, விவரத்தைக் கணினியில் ஏற்றி, பார்கோடு ஒட்டி, இனி வேலையில்லாத கார்டை உருவினோம். கோணிப்பை கோணிப்பையாகக் கார்டுகள். அவற்றை என்ன செய்வது?

வேறு யாராக இருந்தாலும் எடைக்குப் போட்டிருப்பான். நான் கடைக்காரன் மகன். அந்தக் கார்டுகளின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. தேடல் கணினி முன்னால் வருகிற பிள்ளைகளுக்கு அலமாரி எண்ணைக் குறித்துக்கொள்ள ஒரு துண்டுத்தாள் வேண்டுமே? பைண்டிங் அறையில் இருந்த வெட்டும் இயந்திரத்தில் கார்டுகளைக் கொடுத்து, குறுக்கே பாதியாக வெட்டச் சொன்னேன். "ஒரு கார்டுக்கு ரெண்டு சீட்டு, அண்ணே!" அடுத்த கூட்டத்தில் கல்லூரி முதல்வர் என் சிக்கனத்தைப் பாராட்டினார். இரண்டு நாள் தரையில் கால் படாமல் நடந்தேன்.

வீட்டில் இதைப் பெருமையாகச் சொன்னபோது, மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே கேட்டாள்: "நம்ம கார்டுங்கள எடுத்து வெச்சிட்டல்ல?"

"வெச்சாச்சு" என்றேன்.

வைக்கவில்லை. வைக்கவேண்டும் என்று நினைத்திருந்தேன். விலங்கியல் அலமாரிக்கு வரும்போது நானே நின்று பார்த்து எடுக்கவேண்டும் என்று. அந்த அலமாரி முடிந்த அன்று நான் ஸ்கேனரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கடல் காற்றின் உப்பு அதைப் பத்து நாளுக்கு ஒருமுறை தின்றுவிடும்.

கணினியை நான் குறை சொல்லவில்லை, சொன்னால் நாக்கு அழுகும். எண்ணூரிலிருந்து ரயிலில் வருகிற பெண் உட்கார இடம் கிடைத்ததும் போனிலேயே பாடப்புத்தகத்தைத் திறக்கிறாள். ஒரே புத்தகத்துக்கு நாற்பது பேர் காத்துக்கிடந்த காலம் போயிற்று. என்னைப் போன்ற களவாணி ஒருவன் மீன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய் யாரையும் தவிக்கவிட முடியாது. ஒரு புத்தகத்தை முன்பு எடுத்தவர் யார் என்று அடுத்தவருக்குத் தெரிவதில்லை, அதுவும் நியாயம்தான். வாசலில் அடையாள அட்டையைக் காட்டினால் கதவு திறக்கிறது. சிலர் ஏசிக்காக மட்டும் வந்து தூங்குகிறார்கள். வெளியே கன்டெய்னர் லாரிகள் விடும் புகையில் நானும் தூங்கத்தான் வருவேன்.

சென்ற வருடம் அவள் வயிற்றில் கட்டி என்றார்கள். திறந்து பார்த்துவிட்டு, தாமதமாக வந்துவிட்டீர்கள் என்றார்கள்.

"மீனு வயித்தையெல்லாம் படிச்சேன். என் வயித்தைப் படிக்காம வுட்டுட்டேன் பாரு" என்றாள் அவள், பெரியாஸ்பத்திரிக் கட்டிலில். எங்கள் வீட்டில் ஜோக் அடிக்கிற வேலை என்னுடையது. அதையும் அவள் எடுத்துக்கொண்டாள்.

கெட்டிப் புத்தகத்தைத் தூக்கிப் பிடிக்க அவளால் முடியவில்லை. பழைய மாணவி என்று கணக்கு ஒன்று திறந்து கொடுத்தேன். போனில் எழுத்தைப் பெரிதாக்கி, விரலால் தள்ளித் தள்ளிப் படித்தாள். "இது நல்லாக் கீதுயா, கை நோவல" என்றாள். நான் செய்த வேலையில் அவளுக்கு உதவியது அது ஒன்று.

ஒரு மாலை, பார்வை நேரத்தில், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "இதுல யாரு சைனும் இல்ல. அந்தக் கார்டு ஒண்ணு எடுத்துக்கினு வாயேன். நம்ம ரெண்டு பேரு சைனும் கீறது. பாக்கணும் போலக் கீது."

"நாளைக்கு" என்றேன்.

மறுநாள், கார்டு வைத்திருக்கும் பீரோவின் சாவி தொலைந்துவிட்டது என்றேன். அதற்கு மறுநாள், சாவி கிடைத்தது, பீரோ துருப்பிடித்துத் திறக்கவில்லை என்றேன். அவள் "சரி" என்று மட்டும் சொன்னாள். நாட்கள் அதிகமில்லை என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

கணினியில் அவள் பெயரைப் போட்டுத் தேடினேன். அதில் ஏறியது புத்தகங்கள்; கையெழுத்துகள் இல்லை. நாங்கள் படித்த வருடங்களில் யார் எதை எடுத்தார்கள் என்பது அதற்குத் தெரியாது. நான் திறந்து கொடுத்த புதுக் கணக்கைத் தவிர பதிவு எதுவும் இல்லை என்றது, மரியாதையாக. விலங்கியல் அலமாரியில் ஒவ்வொரு புத்தகமாகப் பின்னட்டையைத் திறந்தேன். காகிதப் பைகள் அப்படியே இருந்தன. எல்லாம் காலி. ஒன்றில்கூட ஒரு கார்டை மறந்து விட்டிருக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்து முடித்த ஒரே வேலை!

அலமாரிக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்த என்னை அண்ணன் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"நீதான சாரு வெட்டச் சொன்ன?"

"நான்தாண்ணே."

"நா அன்னிக்கே கேக்கலாம்னு பாத்தேன். நீ ஆபீசரு, பேஜாரா பூடும்னு வுட்டுட்டேன்." கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "ஆனா சீட்டு மிச்சம் இருந்துச்சு சாரு. பசங்க ஸ்கிரீனை போன்ல போட்டோ புடிக்க ஆரம்பிச்ச அப்பால யாரு எழுதுறாங்க? ஒரு பொட்டில கட்டி வெச்சேன்."

பழைய மானிட்டர்களுக்குப் பின்னால் அந்தப் பெட்டி இருந்தது. இரண்டு நாள், வேலை நேரம் முடிந்ததும், அண்ணனும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டாகத் திருப்பினோம். முகம் தெரியாத எத்தனையோ பேரின் கையெழுத்துகள். என்னுடையதும் வந்தது, ஒன்றல்ல, பல. மேலே யார் யாரோ. அவளைக் கவர நான் வரலாறு, வேதியியல் என்று கண்டதையும் தூக்கியிருந்தேன் போலிருக்கிறது.

"ஒண்ணாவது படிச்சியா சாரு?" என்றார் அண்ணன்.

இரண்டாம் நாள் அவர் ஒரு சீட்டை வெளிச்சத்துக்குப் பிடித்தார். என் பக்கம் நீட்டினார்.

கார்டின் கீழ்ப் பாதி. முதல் வரியில் என் கையெழுத்து, வலப்பக்கம் ஒடுங்கி. அதற்கு மேல் வெட்டு. நேராக, சுத்தமாக. என் வரியின் இடது பாதியில், நீல மையில், மேலேயிருந்து ஒரு வால் மட்டும் இறங்கி வந்திருந்தது.

"வாலு கீது சாரு" என்றார் அண்ணன்.

எந்தப் புத்தகத்தின் கார்டு என்றும் தெரியாது. எண்ணும் பெயரும் மேல் பாதியோடு போய்விட்டன.

அன்று மாலை அதை அவள் கையில் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"மேல் பாதி எங்க?"

"ஏதோ ஒரு பையன் அலமாரி எண் எழுதிக்கிட்டுப் போயிருப்பான்."

"அப்ப எடுத்து வெக்கல."

"வெக்கல."

சிரித்தாள்; சிரிப்பு இருமலாகி நிற்க நேரமாயிற்று. "பொய்யி சொல்லத் தெரியாத மூஞ்சிய்யா உனுக்கு. மீனுக்கு மசாலா தடவிக்கினு இருந்தப்பவே தெரியும்."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ அன்னியிலேந்து தேடிக்கினே இருந்திருப்ப. வூட்டுக்கு சோறு துன்ன வந்திருக்க மாட்ட."

பிறகு, "பேனா குடு" என்றாள்.

மேலே இடமில்லை. நானே வெட்டியிருந்தேன். போனின் முதுகில் கார்டை வைத்து, எனக்குக் கீழ் வரியில் கையெழுத்துப் போட்டாள். இத்தனை வருடத்தில் முதல்முறையாக எனக்குக் கீழே. வெகுநேரம் ஆயிற்று. கடைசி எழுத்தில் பேனா நின்றுவிட்டது.

"வாலு வர்லய்யா" என்றாள்.

"பரவாயில்ல. கீழ யாரும் இல்லியே, யார் மேல விழறதுக்கு?" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவள் மட்டும் சிரித்தாள்.

அடுத்த வாரம் அவளை ராயபுரத்தில் அவள் அப்பா அம்மா பக்கத்திலேயே அடக்கம் செய்தோம். அவளுடைய அண்ணன்கள் இருவரும் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

விடுப்பு முடிந்து கல்லூரிக்குப் போன முதல் நாள், சட்டைப் பையிலிருந்து அந்தக் கார்டை எடுத்து அண்ணனிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். என் வரியின் மூன்றாவது கட்டத்தில் புத்தகம் திரும்பி வந்ததற்கு அவர் அந்தக் காலத்தில் கிறுக்கிய கிறுக்கு இருந்தது. விரல் அதற்குக் கீழ்க் கட்டத்துக்கு வந்தது. அது காலி. இத்தனை வருடப் பழக்கம், கை தானாகவே பேனாவை எடுத்து மூடியைத் திறந்தது.

அவள் பெயரை அப்போதுதான் படித்தார் என்று நினைக்கிறேன். பேனாவை மூடினார். சட்டைப் பையில் சொருகினார்.

"இதுல நா போட மாட்டேன் சாரு" என்றார்.