பரணில் வைத்த மெழுகுக் கட்டி

தாண்டிக்குடியில் இருபத்திரண்டு வருஷமாக ஜீப் ஓட்டும் சுப்புராஜுக்கு ஓர் இடத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார வராது. வண்டியில் ஆள் ஏறும் வரைகூடப் பொறுக்காமல் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். மனைவி விஜயராணிக்கு நுரையீரலில் புற்று என்று தெரிந்த பிறகு அந்த ஐந்து நிமிடமும் போயிற்று. பீடி குடித்தது அவர், இருமியது அவள். இந்த அநியாயத்தை யாரிடம் போய்க் கேட்பது?

திண்டுக்கல்லில் முதுகில் ஊசி இறக்கிச் சதைத் துணுக்கு எடுத்தார்கள். வெளியே வந்தவள், “இன்னொரு தடவ இந்த ஊசின்னா என்னைய உயிரோட பாக்க மாட்டீங்க” என்றாள். ஒரு வாரம் கழித்து டாக்டர் அந்தத் துணுக்கை மெழுகுக் கட்டியில் பதித்து, கவரில் போட்டுக் கொடுத்து, மதுரை லேபுக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

“செல் ரெண்டாப் பிரியறதுக்கு முன்னால, எல்லாம் சரியா இருக்கான்னு பாத்து நிறுத்தி வைக்கிற ஜீன் ஒண்ணு இருக்கு. அது கெட்டுப்போயிருந்தா நிக்காம பிரிஞ்சுக்கிட்டே இருக்கும். நோய் வேகமாப் பரவும். அது தெரிஞ்சாத்தான் மருந்தை முடிவு பண்ணலாம்.”

செக்போஸ்டில் தடுப்புக் கம்பு இல்லாத மலைப்பாதை என்று சுப்புராஜ் புரிந்துகொண்டார்.

அன்று சனிக்கிழமை. லேப் திங்கட்கிழமைதான் திறக்கும். மலையிலோ ஐப்பசி அடைமழை. பெட்டிக்குள் மடித்து வைத்த துணிகூடப் பூத்துப்போயிருந்தது. மிளகு, விதை, ரேஷன் கார்டு, அப்பா இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தபோது சர்க்கார் கொடுத்த காகிதங்கள் என்று பூஞ்சணம் பிடிக்கக் கூடாதது எல்லாம் அந்த வீட்டில் அடுப்புக்கு மேலே பரணில்தான் இருக்கும். கவரையும் அங்கேயே பத்திரப்படுத்தினார். மெழுகு உருகும் என்று பச்சைப்பிள்ளைக்குத் தெரியும். மனுஷனுக்கு அன்றைக்கு மழை மட்டும்தான் தெரிந்தது.

திங்கள் வெள்ளனே கவரை எடுத்தார். மெழுகு வழிந்து, துணுக்கு ஓரத்தில் ஒட்டிக் கிடந்தது. ராணியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வண்டியைக் கிளப்பினார்.

லேபில் மஹ்ஜபின் என்ற பெண் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “சூட்டுல ஜீன் சிதைஞ்சிருக்கலாம் அண்ணே. அக்காவக் கூட்டிட்டு வந்து உடனே புதுசா எடுத்துட்டா நல்லது. இதையே பாக்கணும்னா பத்து நாளாகும். அப்பவும் உறுதி சொல்ல முடியாது.”

“இதையே பாருங்கம்மா.”

ஊசிக்குப் பயந்துதான் அப்படிச் சொன்னதாகத் தன்னையே தேற்றிக்கொண்டார். உண்மையில் ராணியிடம் ஒப்புக்கொள்ள அவருக்குத் துணிச்சல் இல்லை, அவ்வளவுதான்.

பத்து நாளும் போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுத்தார். ஒருமுறை கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்தி எடுத்தால், எவனோ கடன் வேண்டுமா என்று கேட்டான். வாய்க்கு வந்தபடி வைதார். பதினோராம் நாள் லேபிலிருந்தே கூப்பிட்டார்கள். ஒன்றும் படிக்க முடியவில்லையாம், ஆளையே கூட்டி வரவேண்டுமாம்.

வீட்டு வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். ராணி தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

“தெரியுங்க. அன்னைக்கு அடுப்புக் கல்லுல மெழுகு சொட்டிக் கெடந்துச்சு. நீங்களாச் சொல்லட்டும்னு நானும் வீம்பா இருந்துட்டேன்.”

“நீ ஊசிக்குப் பயந்தியே, ராணி...”

“வலியில சொன்னதுங்க அது. அன்னைக்கே கூப்பிட்டிருந்தா அழுதுக்கிட்டே வந்திருப்பேன்.” டம்ளரைக் கீழே வைத்தாள். முதல்முறையாக அவள் குரல் உடைந்தது. “ரெண்டு பேருமாச் சேந்து அந்த நோவுக்குப் பத்து நாளு குடுத்துட்டோமேங்க.”