கேசியா போட்ட ஃபேன்

சித்தூர் மிஷன் காம்பவுண்டு கேசியா கோல்ஃப் மைதானத்தைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் திருப்பதிக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில், கோல்ஃப் பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் சொல்லும் ரேடார் பெட்டிகளைச் சரிபார்த்து, அளவு திருத்தி அனுப்புவதுதான் அவள் வேலை. தான் அடித்த பந்து எப்படிப் போனது என்று ஒரு பெட்டியைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற பணக்காரர்கள் எங்கோ இருக்கிறார்கள். அவர்கள் புண்ணியத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

பெட்டியிலிருந்து கிளம்பும் ரேடியோ அலை, ஓடுகிற பொருளில் பட்டுத் திரும்பும். திரும்பி வரும்போது எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்துப் பெட்டி வேகத்தைக் கணக்குப் போடும். அதற்குப் பந்தும் ஒன்றுதான், ஃபேன் இறக்கையும் ஒன்றுதான். அதனால் சோதனை அறையில் வேலை நடக்கும்போது ஃபேன் போடக் கூடாது. மே மாத வெயிலில் வெந்து சாக வேண்டியதுதான்.

கூட வேலை பார்த்த லீனா, அதே சபைக்காரி, முழுகாமல் இருந்தாள். காண்ட்ராக்ட் வேலை, தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேசியாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

அன்று மத்தியானம் லீனா மேசையில் சாய்ந்துவிட்டாள். "மயக்கமா வந்துகினே இருக்குதுக்கா. கொஞ்சம் ஃபேன் போடேன்."

கேசியா போட்டாள். வேலையை நிறுத்தினால் ஏன் என்று கேள்வி வரும் என்பதால், ஃபேன் சுற்றச் சுற்றவே பெட்டிகளையும் சரிபார்த்தாள்.

அவை எல்லாம் தப்புத் தப்பாக வேகம் காட்டி, சில வாரத்தில் வாங்கியவர்களிடமிருந்து திரும்பி வந்தன. சூப்பர்வைசர் பவன்குமார் இருவரையும் நிற்க வைத்து, ஃபேன் போட்டது யார் என்று தெலுங்கில் கேட்டார். தெரியாமல் செய்துவிட்டோம் என்று சேர்ந்து சொன்னால் திட்டோடு போய்விடும் என்று நினைத்துக் கேசியா லீனாவைப் பார்த்தாள்.

"கேசியா அக்காதான் சார். வேணாம்னு சொன்னேன், கேக்கல," என்றாள் லீனா.

கூடப் பிறந்தவள்போல நினைத்தவள் இப்படிக் கழுத்தறுப்பாளா? உண்மையைச் சொன்னால் லீனாவின் வேலை போகும், கொடுத்த சத்தியமும் போகும். தான்தான் போட்டதாகக் கேசியா ஒத்துக்கொண்டாள். அன்றைக்கே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் லீனா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பொட்டப்புள்ள பொறந்தா உன் பேருதான்க்கா வெப்பேன்."

கேசியா கையை உருவிக்கொண்டாள்.

"வேணாம் லீனா. அந்தப் பேரச் சொல்லித்தானே என்னக் காட்டிக் குடுத்த."