அம்மாவைக் கடலுக்குள் உட்காரவைத்த ரூம்

இன்று காலை எங்கள் அம்மா கடலுக்குள் உட்கார்ந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்தார்!

ஆமாங்க, அடமேதான். வெள்ளகோவில்காரர், முட்டிவலிக்காரர், அந்தமான் கடலில் காலை நீட்டி உட்கார்ந்து அலையை மடியில் வாங்கிக்கொண்டிருந்தார்.

இந்தப் பதிவைப் போடுவதற்காகவே சிக்னல் தேடி, கப்பல் வந்து நிற்கும் ஜெட்டி வரைக்கும் ஆட்டோ பிடித்து வந்திருக்கிறேன். (எங்கள் ரூமில் நெட் சுத்தமாகக் கிடையாது. அதையும் பெருமையாகத்தான் சொல்கிறேன்!)

விஷயம் இதுதான். நாங்கள் எந்த டூர் போனாலும் அம்மாவுக்கு ஒரே வேலை. பைகளுக்குக் காவல்.

திருச்செந்தூரில் நாங்கள் எல்லோரும் குளித்தோம், அம்மா மணலில் பைகளோடு உட்கார்ந்திருந்தார். கன்னியாகுமரியிலும் அதே கதைதான்.

"நீங்க போய்ட்டு வாங்க கண்ணு, நான் பையப் பாத்துக்கறேன்."

ஆயுசு முழுக்க வயல்காட்டில் வேலை செய்த மனுஷிக்குக் கடலில் இறங்க ஆசை இல்லாமலா போகும்? டிவியில் ஒரு நாள் கடலைக் காட்டியபோது வாய்விட்டே கேட்டார்: "அதுக்குள்ள போய் உக்காந்தா எப்படி இருக்கும் அம்மணி?"

அன்றைக்கே முடிவு செய்தேன். இந்த முறை அந்தமானில் பைகள் ரூமுக்குள், அம்மா தண்ணிக்குள்!

அதற்கு ரூம் எப்படி இருக்க வேண்டும்? மாடிப்படி கூடாது. அம்மாவின் முட்டி தாங்குகிற தூரத்தில் கடல் இருக்க வேண்டும். கடலுக்குள் காலைக் குத்துகிற கல் இருக்கக் கூடாது, மணலாக இருக்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

போத்தனூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் எங்கள் அண்ணன் இதைக் கேட்டுச் சிரித்தார்.

"ஏம்பாப்பா, ஊடு பாக்கறப்ப பஸ் ஸ்டாப் பக்கமான்னு பாப்பமல்ல? அதே மாறிதான். ஹேவ்லாக் தீவுல ஜெட்டி பக்கம், கடை பக்கம், சீ வியூ! இதப் பாரு!"

போனில் ஒரு ரிசார்ட் போட்டோ. கடல் வாசல்படியைத் தொட்டுக்கொண்டு நின்றது. பொய் சொல்லக் கூடாது, நானே ஒரு நிமிஷம் கவிழ்ந்துவிட்டேன்.

ஆனால் சரவணம்பட்டியில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவள் நான். காலையில் போய்ப் பார்த்தால் குழாயில் தண்ணீர் கொட்டும். அதே வீட்டுக்கு மத்தியானம் போனால் வெறும் காற்றுதான் வரும்! ரெண்டு வேளையும் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்பதே இல்லை நான்.

அதனால் ரிசார்ட்டுக்கும் ரெண்டு வேளை வீடியோ கால் போடுவது என்று அறிவித்தேன்.

"கடல்ல தண்ணி வருதான்னு பாக்கற மொத ஆளு நீதான் பாப்பா!" என்று ஃபேமிலி க்ரூப்பில் அண்ணன் கலாய்த்துத் தள்ளிவிட்டார்.

காலையில் கூப்பிட்டேன். ரிசப்ஷனில் இருந்தவர் தமிழ்க்காரர். (அங்கே தமிழ் நன்றாகவே ஓடுகிறது!) கடல் படி வரைக்கும் தளும்பியது. அண்ணனுக்கு ஒரே குஷி.

மத்தியானம் மறுபடியும் கூப்பிட்டேன். பாவம், அவரும் மறைக்காமல் காட்டினார்.

கடலைக் காணோம்!

எங்கேயோ தூரத்தில் ஒரு நீலக்கோடு. இந்தப் பக்கம் முழுக்கக் கல்லும் பாசியும்.

"ஏனுங்க, தண்ணி எங்கீங்க?"

"இந்தப் பக்கம் லோ டைடு அப்படித்தான் மேடம். சாயங்காலம் திரும்ப வந்துரும்."

"சிறுவாணித் தண்ணிக்கே குடத்த வெச்சுட்டுக் காத்திருந்தவங்க நாங்க. லீவப் போட்டுட்டு வந்து கடல் தண்ணிக்கும் காத்திருக்கறதுங்களா?"

அவரே சிரித்துவிட்டார். "மணல்தான் வேணும்னா தீவோட மேற்குப் பக்கம் பாருங்க மேடம்" என்று வழியும் சொன்னார். நல்ல மனுஷர்.

மேற்குப் பக்கத்தில் ஒரு அக்கா நடத்தும் சின்னக் காட்டேஜ் கிடைத்தது. "மத்தியானத்துக் கடலக் காட்டுங்கக்கா" என்றேன். அங்கே நெட் இல்லாததால் வீடியோ எடுத்துவைத்து, ஜெட்டிப் பக்கம் வந்தபோது அனுப்பிவிட்டுக் கூப்பிட்டார். வீடியோவில் ரூம் வாசலிலிருந்து பேசிக்கொண்டே நடந்தார், பேச்சு முடிவதற்குள் கால் தண்ணீரில் இருந்தது!

"தண்ணி ஏறும், எறங்கும். ஆனா கீழ மணலுதான். லைஃப்கார்டு நிக்கிற எடத்துல குளிக்கலாம். கடை இல்ல, டிவி இல்ல, நெட் இல்ல. வந்துட்டு என்னைத் திட்டக் கூடாது!"

"படி எத்தனைங்கக்கா?"

"ஒண்ணே ஒண்ணு."

உடனே புக் பண்ணிவிட்டேன்! "காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறா" என்று அண்ணன் ஃப்ளைட் ஏறும்வரை புலம்பினார்.

இன்று காலைக்கு வருவோம். எல்லோரும் கிளம்பியாச்சு. அம்மா கட்டிலில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்.

"நீங்க போய்ட்டு வாங்க கண்ணு, நான் பையப்..."

"அம்மா! பையெல்லாம் உள்ளயே வெச்சுப் பூட்டிப்போடலாங்மா!" சாவியை ஆட்டிக் காட்டினேன்.

விடுவாரா? துண்டும் கச்சாயமும் வைத்த ஒரு பையை எடுத்துக்கொண்டுதான் வந்தார். (இனிப்புப் பலகாரம் இல்லாமல் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லை தாண்டுவதில்லை!) மணலில் பையை வைத்தார், பக்கத்தில் உட்காரப் போனார்.

பையைப் பிடுங்கி அண்ணன் கையில் கொடுத்தேன். அம்மாவின் கையைப் பிடித்தேன்.

முதல் அலை கணுக்காலைத் தொட்டதும் என் கையை இறுக்கிக்கொண்டார். அடுத்த அலை முட்டிக்கு. அதற்கடுத்து, மெதுவாக, நிஜமாகவே உட்கார்ந்துவிட்டார்.

ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் வைத்துப் பார்த்தார்.

"அட சாமி, என்ன உப்பு! இத்தனத் தண்ணி இருந்தும் ஒரு ஏக்கரா பாயாதே!"

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பில் வந்ததுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரொம்ப நேரம் கழித்துக் கரையிலிருந்து அண்ணன் கத்தினார்: "அம்மா, வெயில் ஏறுதுங்மா! எந்திரிச்சு வாங்க, நானும் குளிக்கோணும்!"

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீ அங்கயே இரு கண்ணு! நாயி வருது பாரு, பையப் பத்தரமாப் பாத்துக்கோ!"

சொல்லுங்க மக்களே, உங்கள் வீட்டில் பை பார்த்துக்கொள்வது யாருங்க?