பரீனா டீச்சரின் 'க்ரொஸ்'

பரீனா டீச்சர் காலமாகிவிட்டார்.

காலையில் அவருடைய மகள் எனக்குப் போன் எடுத்தாள். "உம்மா மௌத்தாகிட்டாங்க மிஸ்..."

புளத்கொகுபிட்டிய டவுனுக்கு மேலே, மலையில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை. அங்கே அவர் இங்கிலீஷ் படிப்பித்தார், நான் கணக்கு. இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஓர் அரைச்சுவர்தான்.

நான் சேர்ந்த புதிதில், அவர் நீட்டிய வட்டலப்பம் என்ற இனிப்பை வேண்டாம் என்றேன். "ஐ ஆம் க்ரொஸ் வித் யூ" என்றார். எனக்குத் தெரிந்த க்ரொஸ், சிலுவையும் ரோட்டைக் கடப்பதும்தான். முழித்தேன்.

அதுவும் கோபம்தானாம். ஆனால் சின்னக் கோபம். பஸ்காரனிடம், மேலதிகாரியிடம் வருவது 'ஏங்ரி'. க்ரொஸ் நம்முடைய ஆட்களிடம் மட்டும்தான் வருமாம். டிக்‌ஷனரியில் அப்படி இருக்கிறதா தெரியாது... அவர் அப்படித்தான் பாவித்தார்.

கொஞ்ச நாளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்கூட, பென்சிலுக்குச் சண்டை வந்தால் கையைக் கட்டிக்கொண்டு "க்ரொஸ்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இன்டர்வலில் சேர்ந்துவிடுவார்கள்.

பிறகு அந்த வருஷம்... என் முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. கணவருக்குக் கொழும்பில் வேலை. பாடசாலைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டில் கிடந்தேன். எப்படியோ டீச்சருக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு பின்னேரம் மழையில் மேடேறி வந்து வாசலில் நின்றார். கையில் கஞ்சிப் போத்தல். முகத்தில் சிரிப்பே இல்லை. நான் சும்மா பேச்சுக்கு, க்ரொஸ்ஸா டீச்சர் என்று கேட்டேன்.

"இல்ல. எனக்கு கோவம்." தமிழில் சொன்னார்.

"செவத்துக்கு அந்தப் பக்கம்தானே நான் இருக்கிறேன்... இவ்வளவத்தயும் தனியா வச்சிட்டு இருந்தீங்களே."

அதுவரை நான் அழவே இல்லை. அப்போதுதான் அழுதேன்.

என் தலையை மடியில் சாய்த்துக்கொண்டார். தனக்கும் இரண்டு தரம் அப்படிப் போனதாம், யாரிடமும் சொன்னதில்லையாம். மெதுவாகத்தான் சொன்னார்... பிறகு எழுந்துபோய்க் கஞ்சியைச் சூடாக்கினார். கடைசி பஸ்ஸையும் விட்டுவிட்டு அன்று என்னோடேயே தங்கினார்.

பென்ஷனுக்குப் பிறகு மாவனெல்லையில் மகளோடு இருந்தார். போன மாதம் பேசியபோது குரல் மெலிந்திருந்தது. அப்போதும் என் மகளின் படிப்பைத்தான் விசாரித்தார்.

இன்று பின்னேரத் தொழுகைக்குப் பிறகு அடக்கம். நான் ஏறிய மாவனெல்லை பஸ் கேகாலை தாண்டிவிட்டது.

இருங்க டீச்சர்... வந்துகிட்டு இருக்கேன்.