சகுபர் பாய் மாற்றச் சொன்ன ஆர்ம்

செய்தி வந்தபோது நான் ஒரு காரின் அடியில் படுத்திருந்தேன். துருப்பிடித்து இறுகிப்போன போல்ட் ஒன்று ஒரு மணி நேரமாக உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. சகுபர் பாயின் மருமகன்தான் போனில் பேசினார். “மாமா காலையில மவுத்தாயிட்டாக. மதியம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம், வந்துருங்க” என்றார். சரி என்றேன். வைத்துவிட்டு அதே போல்ட்டைத்தான் மறுபடியும் பிடித்தேன். நெஞ்சுவலி என்று பாய் மூன்று மாதமாக வீட்டோடு கிடந்தார். நாளைக்குப் போய்ப் பார்க்கலாம், நாளைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று நானும் தள்ளிக்கொண்டே வந்தேன். இனி எந்த நாளைக்குப் போவது?

காரைக்குடி மெக்கானிக் சங்கத்துக்காரர்கள் நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னார்கள். பதினான்கு வருஷம் உங்கள் ஒர்க்‌ஷாப்பில்தானே பெயிண்டராக இருந்தார், நீங்கள் எழுதாமல் யார் எழுதுவது என்றார்கள். நியாயம்தான்.

பாயைத் தெரிந்தவர்களுக்கு அவர் வேலையும் தெரியும். வளைகுடாவில் துறைமுகக் கிரேன்களுக்குத் துருப்பிடிக்காமல் பெயிண்ட் அடித்தவர். ஊர் திரும்பி என்னிடம் வந்து காருக்கு அடியில் உட்கார்ந்தார். சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம், ஸ்பிரிங் என்று யார் கண்ணிலும் படாத இரும்புக்குத்தான் அவர் பெயிண்ட் அடித்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஒர்க்‌ஷாப் என்னுடையது என்பதற்காக என்னை அண்ணே என்பார். எனக்கு அது கூச்சமாகத்தான் இருக்கும்.

எந்தப் பெயிண்ட் வாங்குவது என்று எங்களுக்குள் ஓயாத சண்டை. சீக்கிரம் காயும், பளபளக்கும் என்று நான் கறுப்பு எனாமல் பக்கம். அவர் பேசிப் பார்த்தார், நான் மசியவில்லை. ஒருநாள் பழைய ஆர்ம் ஒன்றை மூன்று துண்டாக அறுத்தார். ஒன்றுக்கு எனாமல், ஒன்றுக்கு ரப்பர் மாதிரி தடித்த கோட்டிங், ஒன்றுக்கு ஜிங்க் பிரைமர் அடித்து அதன்மேல் இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் எப்பாக்ஸி. மூன்றையும் என் காருக்கு அடியிலேயே கட்டிவிட்டார். என் மகளைத் தொண்டியில் கட்டிக்கொடுத்திருப்பதால் வாரம் தவறாமல் அந்தக் கார் கடற்கரைக்குப் போய்வரும். ஒரு மழைக்காலம் கழித்துக் கழற்றினோம். எனாமல் கொப்பளித்து உதிர்ந்திருந்தது. ரப்பர் கோட்டிங் பார்க்க நன்றாக இருந்தது. கத்தியால் உரித்தால் உள்ளே தண்ணீர் தங்கி ஒரே துரு. எப்பாக்ஸி மட்டும் கல் பட்ட இடத்தில்கூட விரிசல் விடவில்லை. “மினுக்கத்துக்கு அடிக்கிறது வேற, இருக்கிறதுக்கு அடிக்கிறது வேறண்ணே. எதுக்குன்னு மொதல்ல சொல்லுங்க” என்றார். அன்றைக்கே எப்பாக்ஸி வாங்கினேன், முனகிக்கொண்டுதான்.

வயர் பிரஷ்ஷும் உப்புத்தாளும் போட்டு இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்க்காமல் டப்பாவைத் திறக்க மாட்டார். அவசரப்படுத்தினால், “குளிக்காம பவுடர் போட்டா நாத்தம் போயிருமா?” என்று சிரிப்பார். தேய்த்தபின் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். சத்தம் சரியில்லை என்றால் பெயிண்டே கிடையாது, சாக்பீஸால் ‘மாத்தணும்’ என்று எழுதிவிடுவார்.

நான்கு வருஷத்துக்கு முந்தைய ஆயுத பூஜை. நம் ஊரில் அந்த வாரம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். சந்தனம் வைக்குமுன் வண்டி புதுசாகத் தெரியவேண்டும், அடியிலும் கறுப்பு மின்னவேண்டும் என்று எல்லாரும் ஒரே நாளில் வந்து நிற்பார்கள். நெற்குப்பையிலிருந்து வந்த காரின் முன்பக்க ஆர்மில் பாய் ‘மாத்தணும்’ என்று எழுதிவிட்டு ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். புது ஆர்ம் வர இரண்டு நாளாகும். வண்டிக்காரர் வாசலில் நின்று நச்சரித்துக்கொண்டிருந்தார். சாக்பீஸ் எழுத்தைத் துணியால் துடைத்துவிட்டு, அரித்துப்போன இரும்பின்மேலேயே, மிச்சமிருந்த பழைய எனாமலை நான் அடித்துக் கொடுத்தனுப்பினேன். பாய் வந்து கேட்டபோது பூஜை முடிந்ததும் மாற்றிவிடலாம் என்றேன்.

நான்காம் நாள் இளையாத்தங்குடிக் கோயிலுக்குப் போகும்போது கீழச்சிவல்பட்டித் திருப்பத்தில் அந்த ஆர்ம் முறிந்தது. கார் பள்ளத்தில் இறங்கிவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த ஆச்சிக்கு, வண்டிக்காரரின் அம்மாவுக்கு, இடுப்பெலும்பு போனது. அதற்குப்பின் அவர் பிடிமானமில்லாமல் நடக்கவேயில்லை.

வண்டிக்காரர் முறிந்த ஆர்மைச் சாக்கில் கொண்டுவந்து மேசைமேல் போட்டார். மேலே பளபளவென்று கறுப்பு. உள்ளே அப்பளம்போல இரும்பு. “யாரு இதுமேல பெயிண்ட் அடிச்சது?” என்றார். பாய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“நாந்தாங்க” என்றார் பாய்.

சாயங்காலம் பிரஷ்களைத் தின்னரில் கழுவும்போதுதான் என்னிடம் பேசினார். “நீங்க வாயத் தொறப்பீகன்னு பாத்தேண்ணே.” அவ்வளவுதான். மறுநாள் வழக்கம்போல வேலைக்கு வந்தார். நானாக இருந்தால் வந்திருக்க மாட்டேன். ஊரில் பேச்சு பரவி, பாய் கை வைக்கவேண்டாம் என்று ஆட்கள் என்னிடமே சொன்னார்கள். பிறகு அவர் தேய்த்துக் கொடுப்பார், நான் அடிப்பேன். நான்கு வருஷம் இப்படியே ஓடியது. அவர் ஒருமுறைகூட அதை எடுத்துப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

அடக்கத்துக்கு அந்த நெற்குப்பைக்காரரும் வந்திருந்தார், பெருந்தன்மையாக. வெளியே வரும்போது, “நல்ல பெயிண்டருங்க. அந்த ஆர்ம்ல மட்டும் அசந்துட்டாரு, பாவம்” என்றார். நான் ஆமாங்க என்றேன். பாய்க்கு மண் அள்ளிப் போட்ட கையைக்கூட இன்னும் கழுவவில்லை, ஆமாங்க என்றேன்.

ஆகவே அவரைத் தெரிந்த எல்லாருக்கும், முக்கியமாக அந்த ஆச்சி வீட்டாருக்கும் சொல்கிறேன். சகுபர் பாய் அந்த ஆர்மை மாற்றச் சொன்னார். பெயிண்ட் அடித்தவன் நான். அவர் நினைவாக அவரிடமிருந்து எதை வைத்துக்கொள்ளப் போகிறாய் என்று கேட்டால் அவர் சுமந்த அந்தப் பழி ஒன்றைத்தான் சொல்வேன். அது முதல்நாளிலிருந்தே என்னுடையது.